கம்பளித் திரியும் நைரி ஆன்ட்டியின் இடுப்பும்

நைரி ஆன்ட்டியை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் எங்கள் கடைச் சரக்கைக் கொளுத்திக்கொண்டிருந்தார்.

கோர் கடைத்தெருவில், மீன் வறுவல் கடைக்கும் டிராக்டர் டயர் கடைக்கும் நடுவே, புகைக்குப் பதில் ஆவி இழுக்கும் கருவிகளை விற்கும் வேப் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம் அது. என் அப்பா ஆட்டுக் கொட்டகைகளில் கம்பளியை மூட்டையாக அமுக்குகிறவர். அவருடைய அப்பா வேலி போட்டவர். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேதியியலில் பட்டம். இவ்வளவு பெரிய தகுதியோடு ஊர் திரும்பியவனை என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்துப்போன எங்கள் சவுத்லாந்து மாவட்டம், கடைசியில் ஸ்ட்ராபெரி வாசனைப் புட்டிகளை அலமாரியில் அடுக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தது. சான்றிதழைச் சட்டம் போட்டுக் கடையிலேயே மாட்டச் சொன்னார் அம்மா. மாட்டினேன். அதற்குக் கீழே ‘புகைக்கத் தடை’ பலகை. அதற்கும் கீழே நின்றுகொண்டுதான் அந்த அம்மாள் லைட்டரைப் பற்றவைத்தார்.

அறுபது தாண்டிய, மவோரிப் பழங்குடி அம்மாள். மழைக்காலமோ வெயில்காலமோ கழற்றாத சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. வலது கையில் ஊன்றுகோலுக்குப் பதிலாக ஒரு துடைப்பக் கட்டை. இன்னும் காசு கொடுக்காத மூன்று திரிப் பஞ்சு பாக்கெட்டுகள் பிரிபட்டுக் கிடந்தன. எங்கள் சாவித் தட்டைக் காலி செய்து, அதன்மேல் ஒவ்வொரு பாக்கெட்டிலிருந்தும் ஒரு இழையைப் பிடித்துக் கொளுத்தினார்.

முதல் இழை காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலானது. தலையை ஆட்டிக்கொண்டார். இரண்டாவதும் அப்படியே எரிந்தது. ஆனால் பாக்கெட்டை மூக்கருகே கொண்டுபோய், நீச்சல்குளத்து வாசனை அடிக்கிறது, வெளுப்பு மருந்தை ஒழுங்காக அலசவில்லை என்று ஒதுக்கிவிட்டார். மூன்றாவது எரியவில்லை. சுருங்கி, உருகி, கறுப்பு மணியாகி நின்றது. அதைத் தட்டில் தட்டினார். டக் என்று சத்தம் வந்தது.

“சுத்தமான இயற்கை நார்னு அட்டை வச்சிருக்கீங்களே, யார் எழுதினது?”

நான்தான் என்றேன். கையெழுத்து என்னுடையது, மறுக்க வழியில்லை.

“இது இயற்கை நார்னா நான் பாலே டான்ஸர். பிளாஸ்டிக் பையைக் கொளுத்தி மோந்து பாருங்கன்னு நேராவே எழுதியிருக்கலாமே தம்பி.” பிறகு கண்ணை உயர்த்திச் சுவரைப் பார்த்தார். “அந்தச் சட்டம் போட்ட சான்றிதழ் யாரோடது?”

அதுவும் என்னுடையது என்றேன். அன்று முதல் எனக்கு அவர் வைத்த பெயர் பட்டதாரி.

நைரி வைட்டிரியின் தொழில் கம்பளி தரம் பிரிப்பது. கத்தரித்த முழு ரோமத்தை மேசைமேல் விரித்துப் போட்டால், கட்டைவிரலால் ஒரு கீற்றைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, சுண்டி ஓசை கேட்டு, எந்த மூட்டைக்கு எது என்று சொல்லிவிடுவார். நாற்பது வருடம். அவர் இழைத் தடிமன் பதினாறு மைக்ரான் என்று சொல்லும் மெரினோ ஆட்டுக் கம்பளியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஒரு வாரம் கழித்துப் பதினாறு புள்ளி ஒன்று என்று தாள் வரும். ஆய்வகத்தில் யாரோ கவனமில்லாமல் வேலை செய்கிறார்கள் என்பார் ஆன்ட்டி.

அந்த நாற்பது வருடமும் சுருட்டுத் தாளும் புகையிலைப் பொட்டலமும் கூடவே இருந்தன. இப்போது வலது இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. மாற்று மூட்டு வைப்பதாக ஆஸ்பத்திரியில் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் புகைப்பவருக்குப் புண் சரியாக ஆறாது என்பது அந்த அறுவை மருத்துவரின் கண்டிப்பு. ஜூலை மாதம் பத்தொன்பதாம் தேதி நர்ஸ் ஒரு குழாயில் ஊதச் சொல்வார். மூச்சிலிருக்கும் கார்பன் மோனாக்சைடை அது காட்டிக்கொடுக்கும்; வேப் ஆவியை அல்ல. புகைத்தது தெரிந்தால் பெயர் வரிசையின் வாலுக்குப் போகும்; இன்னும் ஒன்றரை வருடம். ஒன்றரை வருடம் அந்த இடுப்போடு கம்பளி மேசை முன் யாரும் நிற்க முடியாது. ஆடு கத்தரிக்கும் கும்பலின் தலைவன் மனு இதை மறைக்கவில்லை. “இடுப்பு சரியாச்சுன்னா மேசை உங்களோடது ஆன்ட்டி. இல்லேன்னா கெரின்தான் நிப்பான். எனக்கும் வேற வழி தெரியல” என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான். கெரின் முப்பத்துநாலு வயதுக்காரன். கம்பளிப் படிப்பில் சான்றிதழ் வாங்கியவன். ஆன்ட்டியைப் பொறுத்தவரை அது ஒரு நோய்.

புகையிலையை விட்டு அப்போது ஏழு நாள் ஆகியிருந்தது. கைக்கும் வாய்க்கும் ஏதாவது வேண்டுமே என்று வேப்புக்கு வந்தவர், மற்றவர்களைப் போல ஆயத்தமாக விற்கும் ஒன்றை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அதற்குள் இருக்கும் திரி கண்ணுக்குத் தெரியாது. தொட்டுப் பார்க்காத நாரை வாயருகே கொண்டுபோக மாட்டேன் என்றார். ஆகவே, கழற்றிப் பூட்டும் பழைய மாதிரி ஒன்றை எடுத்தார். சின்ன உலோகக் கிண்ணம், அதில் கம்பிச் சுருள், சுருளுக்குள் நாமே நுழைக்கும் திரி. திரி திரவத்தைக் குடிக்கும், சுருள் சூடேறும், ஆவி வரும். அவ்வளவுதான் யந்திரம். மிச்சமெல்லாம் எந்தத் திரி என்பதில் இருக்கிறது.

எரித்துத் தேறிய முதல் பாக்கெட்டை எடுத்து நீட்டினேன். வெளுக்காத, சாயமில்லாத, நீள இழைப் பஞ்சு. ஆன்ட்டி அதை இரண்டு விரலால் தொட்டுவிட்டு, கெட்டுப்போன மீனைத் தள்ளுவது போலத் தள்ளினார்.

“போயும் போயும் பஞ்சா? ஒரு நெருப்புப் பொறி பட்டா குப்புனு பத்திக்கும். அதைக் கொண்டுபோய்ச் சூட்டுக் கம்பிக்கு நடுவுல சொருகணுமா? கம்பளி தீப்பிடிக்காது பட்டதாரி. அதனாலதான் தீயணைப்புக்காரன் போர்வை கம்பளியில இருக்கு. நான் கம்பளி போட்டுக்கறேன்.”

நான் சொன்னேன், கம்பளி கொழுந்துவிட்டு எரியாதே தவிரக் கருகும் என்று. முடியும் நகமும் எதனால் ஆனதோ அதனால்தான் கம்பளியும் ஆனது என்று. அதில் ஒட்டியிருக்கும் கொழுப்பு நுரையீரலுக்கு ஆகாது என்று. எல்லாம் சொன்னேன். போதாதென்று அன்றே இரண்டு பக்கம் எழுதி, கந்தகம், நீர்விலக்கு, சமன்பாடு எல்லாம் போட்டு, அப்பா கையில் கொடுத்து அனுப்பினேன். ஆன்ட்டி மிகவும் பயன்பட்டதாகச் சொன்னாராம். வண்டியில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியைத் துடைக்க நல்ல தாளாக இருந்ததாம்.

சனிக்கிழமைகளில் நானும் அப்பாவோடு மூட்டை அமுக்கப் போவேன். பட்டம் அதற்குக் குறுக்கே நின்றதில்லை. அப்படிப் போனபோதுதான் கம்பளித் திரியின் முதல் பவனியை நேரில் காணும் பேறு கிடைத்தது. ஒடாகோ மலைப்பக்கத்து மெரினோக் குட்டியின் தோள் ரோமம், ஆன்ட்டி தன் மேசையிலிருந்தே பொறுக்கியது. மூன்று வெந்நீரில் அலசி, சீப்பால் வாரி, காயவைத்து, அரசிக்குத் தொட்டில் துணி நெய்வது போன்ற பக்தியோடு சுருளுக்குள் நுழைத்திருந்தார். காலைத் தேநீர் இடைவேளையில் அமர்ந்து, எல்லாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, ஒரு இழுப்பு இழுத்தார்.

மனுவின் நாய் எழுந்து வெளியே போய் வண்டிக்குள் ஏறிக்கொண்டது. மேசையிலிருந்த ஸ்கோன் ரொட்டிகளை யாரோ துணி போட்டு மூடினார்கள். யாருடைய மீசை பற்றிக்கொண்டது என்று மூலையிலிருந்து ஒருவன் அக்கறையோடு விசாரித்தான்.

மனு மட்டும் நிதானமாகச் சொன்னான்: “ஆன்ட்டி, ஆட்டை நாம கத்தரிக்கிறதுக்குத்தான் வந்திருக்கோம். வாட்டறதுக்கு இல்ல.”

இருமி முடித்து, இருமலால் குலுங்கிய இடுப்பைப் பிடித்துக்கொண்டு, புதுச் செருப்பு முதல் வாரம் கடிக்கத்தான் செய்யும் என்றார் ஆன்ட்டி. நாற்பது வருடமாகக் கம்பளிச் சட்டை என்று பொய் சொல்லி விற்ற வியாபாரிகளை, ஒரு இழையைக் கொளுத்தி, முடி கருகும் நாற்றம் வருகிறதா பார் என்று சந்தை நடுவே அம்பலப்படுத்தியவர் அவர். அந்த நாற்றத்தை ஊரில் அவரைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. ஆனால் தன் வாயிலிருந்து வந்தபோது அது வேறு ஏதோ கோளாறாகத் தெரிந்தது. முதலில் மிச்சக் கொழுப்பின்மேல் பழி போட்டு நான்காவது முறை அலசினார். அடுத்து சுருளின்மேல். அதற்கடுத்து என் கடைத் திரவத்தின்மேல். மூன்று திரவம் மாற்றினேன். புதினா வாசனையில் கருகிய ஆடு, எலுமிச்சை வாசனையில் கருகிய ஆடு, ஒன்றுமில்லாத வாசனையில் கருகிய ஆடு. ஆட்டின்மேல் மட்டும் பழி விழவில்லை.

மே மாதக் கடைசியில் அவர் கம்பளியைக் கைவிட்டார் என்று சொல்ல முடியாது, ஓய்வு கொடுத்தார். அடுத்து, தங்கை திரேனியிடம் போனார். திரேனி ஹரகெகெத் தாழையைச் சிப்பியால் வழித்து, பட்டுப்போல நார் எடுத்து மேலாடை நெய்பவர். ஒரு மேலாடைக்கு இரண்டு வருடம் ஆகும். அந்த நாரில் ஒரு விரல் நீளம் போதும் என்று அக்கா கேட்டதற்குத் திரேனி கையிலிருந்த வேலையை நிறுத்தவே இல்லையாம்.

“இது மனுஷங்க நெஞ்சுக்கு மேல போர்த்தறதுக்கு அக்கா. ஒருத்தி நெஞ்சுக்குள்ள போறதுக்கு இல்ல.”

அக்காவிடம் அப்படிப் பேசிவிட்டுத் தப்பித்த ஒரே ஜீவன் திரேனிதான். ஆன்ட்டி திரும்பிவரும் வழியில் பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தினார். மறுநாள் அவருடைய வண்டிக் கண்ணாடிக்குக் கீழே, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, ஒரு புகையிலைப் பொட்டலம் உட்கார்ந்திருந்தது. பிரிக்கவில்லை. சும்மா பக்கத்தில் இருக்கட்டும் என்று வாங்கியதாகச் சொன்னார். கும்பலில் யாரும் அதைப் பற்றிக் கேலி பேசவில்லை. அதிலிருந்தே நிலைமை எவ்வளவு மோசம் என்று எனக்குப் புரிந்தது. பரிசோதனைக்கு அப்போது ஐந்து வாரம்தான் மிச்சம்.

அந்த வாரச் சனிக்கிழமை மழை. கெரினும் அன்று வந்திருந்தான். மேசையைப் பார்த்துப் பழகிக்கொள்ளட்டும் என்று மனு கூப்பிட்டிருந்தான். ஆடு ஈரமாக இருந்தால் கத்தரிக்கலாமா கூடாதா என்பதை எங்கள் பக்கம் முதலாளி தீர்மானிப்பதில்லை. கத்தரிப்பவர்கள் ஆளுக்கு இரண்டு ஆட்டைக் கத்தரித்துப் பார்த்துவிட்டு, ஈரம் அல்லது காய்ந்தது என்று துண்டுச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போடுவார்கள். நாட்டின் பொதுத்தேர்தலுக்கு வராத ஒழுங்கு இந்தத் தேர்தலுக்கு வரும். அன்று ஈரம் ஐந்து, காய்ந்தது ஒன்று. அந்த ஒன்றைப் போட்டவன் யார் என்று ஒருவரை ஒருவர் சந்தேகித்தபடி எல்லாரும் தேநீர் அறையில் போய் உட்கார்ந்தோம். நடுவில் அடுப்பு. தட்டில் சூடான சீஸ் ரோல்.

கெரின் கடைசியாக வந்தான். வண்டியிலிருந்து கொட்டகைக்கு நூறு அடிகூட இருக்காது. அதற்குள் கழுத்திலிருந்து மணிக்கட்டுவரை நனைந்து, பல் தந்தியடிக்க, அடுப்புக்குப் பக்கத்தில் ஒடுங்கினான். ஆன்ட்டியின் முகத்தில் பல வாரங்களுக்குப் பிறகு ஒரு மலர்ச்சி வந்தது.

“உடம்புல என்னடா மாட்டியிருக்கே?”

“ஹூடி, ஆன்ட்டி.”

“எதுல செஞ்சது?”

அவன் கொஞ்சம் தயங்கிவிட்டு, பஞ்சு என்றான்.

“பஞ்சு. கம்பளிக் கொட்டகைக்கு, கம்பளி தரம் பிரிக்க, கொட்டுற மழையில, பஞ்சு. சான்றிதழ் கொடுத்தவங்க இதை மட்டும் சொல்லித்தர மறந்துட்டாங்களா?” துடைப்பக் கட்டையால் அவன் கையைத் தூக்கிக் காட்டினார். “எல்லாரும் பாருங்க. கை நுனிதான் நனைஞ்சிருக்கும். தோள் வரைக்கும் ஏறியிருக்கு. பஞ்சு அப்படித்தான். எவ்வளவு கொடுத்தாலும் குடிக்கும். ஒரு முனை ஈரத்துல பட்டாப் போதும், மறு முனைக்குத் தானா இழுத்துக்கிட்டுப் போயிடும். குடிச்சதைக் கீழ விடாது. மலையில இதைப் போட்டுக்கிட்டுப் போனவனை விறைச்சுப்போய்த்தான் தூக்கிட்டு வருவாங்க. என் சட்டையைப் பாரு, அதே மழைதான். சொட்டு மேலயே உருண்டு நிக்குது. உள்ள ஒரு துளிகூட எடுத்து...”

அங்கே நின்றுவிட்டார்.

தன் கைமேல் முத்து முத்தாக நின்ற மழைத்துளிகளைப் பார்த்தார். கெரினின் கையைப் பார்த்தார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்த வேப்பின் மேல் கை போனது. அப்பா வாய்க்குக் கொண்டுபோன சீஸ் ரோலைக் கீழே வைத்தார். மனு கூரையைப் பார்த்தான். என்னுடைய கடிதத்தின் இரண்டாம் பக்கம் மூன்றாம் பத்தியில், திரவத்தைக் குடிக்காத நார் திரியாகாது என்ற இதே செய்திதான் இருந்தது, சமன்பாட்டோடு. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

“பட்டதாரி,” என்றார் ஆன்ட்டி, என் பக்கம் திரும்பாமலே, “நீ ஒண்ணும் சொல்ல வேணாம்.”

திறந்த வாயில் சீஸ் ரோலை வைத்துக்கொண்டேன்.

அடுத்த காரியம், கெரினின் ஹூடிக்குள்ளிருந்த வெள்ளைப் பனியனின் விளிம்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. நூறு சதம் பஞ்சு. சாயம் இல்லை. துவைக்கும்போது துணி மென்மையாக வாசனைத் தைலம் எதுவும் ஊற்றுவாயா என்று கேட்டார். லாவண்டர், என்றான் கெரின். பனியன் அந்த நொடியே திரியாகும் தகுதியை இழந்தது. மூச்சோடு உள்ளே போகிற நாரில் சாயம், தைலம், வெளுப்பு மருந்து எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது என்று, ஒரு மாதமாகக் கருகிய ரோமத்தை இழுத்துக்கொண்டிருந்த வாயாலேயே எங்கள் எல்லாருக்கும் வகுப்பெடுத்தார்.

திங்கள்கிழமை கடை திறந்ததும் வந்து நின்றார். ஏப்ரலில் மீனைப் போலத் தள்ளிய அதே பாக்கெட்டைக் கேட்டார். அன்று நான்தான் அதைச் சிபாரிசு செய்தேன் என்பதை நினைவூட்டினேன். அன்று வேறு மாதிரி இருந்தது என்றார். கடை மேசைமேல் மூன்று தட்டுகளில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஒன்றில் மெரினோவைப் போட்டார். ஆன்ட்டியின் பெருமையைப் போலவே அது மேலேயே மிதந்தது. ஒன்றில், உருகிய பாக்கெட்டிலிருந்து நான் சாட்சிக்காக எடுத்து வைத்திருந்த ஒரு கொத்து. அதுவும் மூழ்காமல் அரைமனதாகக் கிடந்தது. மூன்றாவதில் வெளுக்காத பஞ்சு. சில நொடிகளில் குடித்துத் தாழ்ந்தது. ஆன்ட்டி வெகுநேரம் அந்தத் தட்டையே பார்த்தார். ஒரு எதிரியின் இறுதிச் சடங்குக்கு வந்து, இறந்தவர் நல்லவர் என்று ஊர் பேசுவதைக் கேட்கிறவர் முகம் அது.

சந்தேகம் போகாமல் அந்தப் பஞ்சையும் வீட்டில் மூன்று முறை நல்ல தண்ணீரில் கொதிக்கவைத்துக் காயவைத்தார். கொண்டுவந்து என்னிடம் கொடுத்து, சொருகிக் காட்டு என்றார். எனக்கு நாளெல்லாம் இதுதான் வேலை. இறுக்கமாக, ஒரு இழை பிசகாமல், சுருளை நிரப்பிக் கொடுத்தேன். ஒரு இழுப்பு இழுத்து, இருமி, கிண்ணத்தைத் திறந்து பார்த்தார். நடுவில் கருகியிருந்தது. இறுக்கிய இடத்தில் திரவம் ஏற வழியில்லை.

“அப்பன் மூட்டை அமுக்குறவன்னு நல்லாத் தெரியுது. இதையும் ஏற்றுமதிக்கு அனுப்பப் போறியா?”

இரண்டாவது திரியை அவரே போட்டார். அட்டையாக அழுத்தியிருந்த மேல்தோலை உரித்தெடுத்து, உள்ளிழையை விரலால் நீவி, இழுத்தால் லேசாகத் தடுத்து வழுக்கும் அளவுக்கு மட்டும் நுழைத்து, நுனிகளை வெட்டி, கிண்ணத்தில் தளர்வாகப் படுக்கவைத்தார். நனைய விட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தார். நாற்பது வருட விரல்கள். நான் அதுவரை பார்த்த திரிகளிலேயே அழகான திரி அது. சொன்னால் தலைக்கனம் ஏறும் என்று சொல்லவில்லை. இழுத்தார். வெள்ளை ஆவி வந்தது. கருகல் இல்லை, இருமல் இல்லை. ஏதோ குறையைத் தேடுவது போல வாயைச் சப்பிப் பார்த்துவிட்டு, ருசியே இல்லையே என்று அலுத்துக்கொண்டார். பிறகு வாரத்துக்கு ஒன்று என்று கணக்கு வைத்து, கறுக்கும் முன்பே திரியை மாற்றிவந்தார். தவறாமல் ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்திலிருந்து வந்ததும்.

புகையிலைப் பொட்டலம் வண்டியிலிருந்து காணாமல் போனது. அடுத்த சனிக்கிழமை அதைக் கொட்டகைச் சுவரில் கண்டேன். மூட்டைக்கு முத்திரை குத்தும் அச்சை வைத்துக் கறுப்பு மையில் அதன்மேல் தரம் போட்டு ஆணியில் மாட்டியிருந்தார். எங்கள் தொழிலில் அதைவிடக் கீழான தரம் கிடையாது; ஆட்டின் பின்புறத்தில் சாணி காய்ந்து தொங்கும் ரோமத்துக்கு அதைப் போடுவார்கள்.

பத்தொன்பதாம் தேதி அவரை ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டிப்போனேன். ஊரில் வாரநாளில் சும்மா இருக்கிற படித்தவன் நான் ஒருவன்தான் என்று தேர்வு செய்திருந்தார்.  குழாயை வாங்கி, அந்தப் பெரிய கட்டைவிரலால் அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தார். மூச்சை அடக்கி, ஊதினார். நர்ஸ் எண்ணைப் பார்த்தார். இரண்டு. புகைக்காதவர்களின் கணக்கில்தான் வருகிறது என்றும், ஆகஸ்டில் தேதி தருவார்கள் என்றும், அறுவைக்கு முன் இந்த வேப்பையும் விட்டுவிட்டால் இன்னும் நல்லது என்றும் சொன்னார். ஆன்ட்டி தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க நர்ஸின் சட்டைக் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்து, “பாதி பாலியஸ்டர். அடுப்புப் பக்கம் போகாதம்மா” என்றார்.

திரும்பும் வழியில் கொஞ்ச தூரம் போனதும் தானாகவே பேசினார். பஞ்சுதான் சரியென்று தனக்கு ஆரம்பத்திலேயே தோன்றியதாகவும், கடையில் ஒரு பட்டதாரிதான் குழப்பிவிட்டதாகவும் சொன்னார். நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

ஆகஸ்ட் கடைசியில் அறுவை நடந்தது. மூன்று மாதம் கெரின் மேசையில் நின்றான். ஆன்ட்டி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, துடைப்பக் கட்டையால் அவன் தவறுகளைச் சுட்டிக்காட்டினார். இப்போது கெரின் வேறு கும்பலில் இருக்கிறான், கம்பளிச் சட்டை போடுகிறான். நைரி வைட்டிரி பக்கத்து ஊரான மட்டவுராவில் தன் வீட்டில் இருக்கிறார். வாரத்துக்கு ஐந்து நாள் மேசை முன் கட்டையில்லாமல் நிற்கிறார். புகையிலை இல்லை. வேப் சமையலறை அலமாரியில் இருக்கிறது. அதில் கடைசியாகத் திரி மாற்றியது ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு; அதற்கப்புறம் மாற்றும் தேவை வரவில்லை.